எண்களுக்குப் பின்னால் உயிர்கள்

புதிய மருந்து ஒன்றை உட்கொண்ட நோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைந்துவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். அம்மருந்துதான் அவர்களைக் குணப்படுத்தியது என்று உறுதியாகக் கூற முடியுமா? மருந்தே இல்லாமலும் அவர்கள் தேறியிருக்கலாம் அல்லவா? இதற்கு விடை காண, மருந்து உட்கொண்டவர்களையும் உட்கொள்ளாதவர்களையும் முறையாக ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிடும் வழியையும், கிடைக்கும் வேறுபாடு தற்செயலானதா என்று கணிக்கும் வழியையும் கற்பிக்கும் துறையே உயிர்ப்புள்ளியியல்.

இத்துறையின் தேவையை ஒரு நிகழ்வு தெளிவாக உணர்த்துகிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுள் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவதுண்டு. அவர்கள் திடீரென இறக்கும் அபாயமும் அதிகம். ஆகவே, துடிப்பைச் சீராக்கும் மருந்துகள் அவர்களின் உயிரைக் காக்கும் என்று 1980ஆம் ஆண்டுகளில் மருத்துவர் பலர் நம்பினர். அந்நம்பிக்கை சரியானதா என்று அறிய, அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்தக் கழகம் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தது. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் வழங்கப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிகளுக்கும் தெரியாது. அவர்களைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தெரியாது.

சோதனை முடியும்வரை காத்திராமல், எண்களை இடையிடையே ஆராய ஒரு தனிக் குழு இருந்தது. அதனால், 1989ஆம் ஆண்டிலேயே இரண்டு மருந்துகள் நிறுத்தப்பட்டன. மருந்து உட்கொண்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை உட்கொண்ட 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். மருந்துகள் துடிப்பைச் சீராக்கியது உண்மைதான். ஆனால், அவையே உயிருக்கு உலை வைத்தன. ‘கண்ணால் காண்பதும் பொய்; காதால் கேட்பதும் பொய்; தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழி மருத்துவத்திற்கும் பொருந்துகிறது.

இவ்வாறு தீர விசாரிக்கும் பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவை. கணிதத்தில் சிறந்து விளங்கும் இளங்கலை மாணவர் பலர், தங்கள் திறமை நோயாளிகளுக்குப் பயன்படும் என்பதை அறியாமலேயே பட்டம் பெற்றுவிடுகின்றனர். இக்குறையைப் போக்க, மேற்கூறிய அதே கழகம் 2004ஆம் ஆண்டு முதல் கோடைக்காலப் பயிற்சிகளுக்கு நிதி வழங்கி வந்துள்ளது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு நடைபெற்ற இப்பயிற்சிகளில், மாணவர்கள் புள்ளியியல் அடிப்படைகளையும் கணினியைக் கொண்டு தரவுகளைப் பகுத்தாயும் முறைகளையும் கற்றனர். பின்னாளில் தரவு அறிவியலும் பாடத்தில் இணைந்தது. மருத்துவமனைப் பதிவுகள், மரபணுக்கள், கையில் அணியும் கருவிகள் ஆகியவற்றிலிருந்து குவியும் தரவுகளைக் கையாள அது உதவுகிறது.

இப்பயிற்சிகளை நடத்திய பாஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு அருகில் ஒரு தரவுக் களஞ்சியம் உண்டு. 1948ஆம் ஆண்டில் ஃபிரேமிங்ஹம் என்னும் ஊரில் 5,209 பேருடன் ஓர் இதய ஆய்வு தொடங்கியது. அவர்களின் உடல்நலம் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல், மிகுதியான கொலஸ்ட்ரால் ஆகியவை இதய நோய்க்கு வழிவகுக்கின்றன என்பதை நிலைநாட்டியதில் இவ்வாய்வுக்குப் பெரும் பங்குண்டு.

உண்மையான தரவுகள் பாடநூல் கணக்குகளைப் போல ஒழுங்காக இருப்பதில்லை. ஒருவரின் உயரம் 170 சென்டிமீட்டருக்குப் பதிலாக 17 என்று பதிவாகியிருக்கலாம். சிலரைப் பற்றிய விவரமே இல்லாமல் இருக்கலாம். அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் போதாதா? போதாது. நோய் முற்றியதால் அவர்கள் பரிசோதனைக்கு வர இயலாமல் போயிருக்கலாம். அவர்களை விட்டுவிட்டால், எஞ்சியோர் நலமாக இருப்பதைக் கண்டு, சிகிச்சை நன்றாகப் பலனளிக்கிறது என்று தவறாக முடிவு செய்ய நேரிடும். எனவே, கணக்கைத் தொடங்குமுன், ‘இந்த எண் எங்கிருந்து வந்தது? இதில் யார் விடுபட்டனர்?’ என்று கேட்க மாணவர்கள் பழக வேண்டும்.

இக்கேள்வி புகழ்பெற்ற ஆய்வுகளுக்கும் பொருந்தும். ஃபிரேமிங்ஹம் ஆய்வில் முதலில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர்கள். ஓர் இனத்தாரிடம் கண்டறிந்தது மற்ற இனத்தாருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆகவே, 1994ஆம் ஆண்டில் பல இனத்தவரைக் கொண்ட புதிய குழு ஒன்று அவ்வாய்வில் சேர்க்கப்பட்டது.

கணக்கிடும் வேலையைக் கணினி நொடிப்பொழுதில் முடித்துவிடும். ஆனால், எதை எதனுடன் ஒப்பிடுவது, எந்த முடிவை நம்புவது என்பவற்றை மனிதரே தீர்மானிக்க வேண்டும். தரவு அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு மனிதரைக் குறிக்கிறது. அவரைப் பற்றிய விவரங்களை மறைவாகக் காப்பதும், தரவு சொல்வதை மட்டுமன்றிச் சொல்லாததையும் நேர்மையாக எடுத்துரைப்பதும் உயிர்ப்புள்ளியியலாளரின் கடமைகளாகும்.