பொதிக்கோப்புகளில் பாதை குறிக்கும் முறை

ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் தாவரவியல் பாடம் ஒன்றைத் தயாரிக்கிறார். விளக்கப் பக்கங்கள் மூன்று, இலையின் அமைப்பைக் காட்டும் படங்கள் ஆறு. யாவற்றையும் ஒரே கோப்புறையில் இட்டு, ஜிப் பொதியாகக் கட்டி, பென்டிரைவில் பள்ளிக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே எழுத்துகள் தெரிகின்றன. படங்கள் தோன்ற வேண்டிய இடங்களில் வெறுங் கட்டங்களே காணப்படுகின்றன. படங்கள் பொதிக்குள் பத்திரமாகவே உள்ளன. பக்கங்கள் அவற்றைத் தேடிய பாதையே தவறானது.

கோப்பின் இருப்பிடத்தை இரு விதமாகக் குறிக்கலாம். கணினியின் வேர்க் கோப்புறையிலிருந்து தொடங்கி, “/ஹோம்/ஆசிரியர்/இலைப்பாடம்/படங்கள்/இலை” என்று குறிப்பது முழுப்பாதை. பக்கம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே தொடங்கி, “படங்கள்/இலை” என்று மட்டும் குறிப்பது சார்புப்பாதை. திருவனந்தபுரம், வலியசாலை, இன்ன தெரு, இன்ன எண் என விலாசம் எழுதுவதற்கும், “இவ்வீட்டிலிருந்து மேற்கே மூன்றாவது வீடு” என்று சொல்வதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. தபாற்காரருக்கு முன்னதே உதவும். ஆனால் தெரு முழுவதையும் அப்படியே பெயர்த்து வேறோர் ஊரில் வைத்தால் பின்னதே நிலைக்கும். தெருக்கள் இடம் பெயர்வதில்லை. பொதிக்கோப்புகளோ இடம் பெயர்வதற்கென்றே கட்டப்படுகின்றன.

கேரளத்துப் பள்ளிகளில் இது அன்றாடம் எழக்கூடிய பிரச்சினை. அங்கு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட இந்நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயக்க முறைமையைப் பள்ளிக் கணினிகளுக்கு வழங்கி வருகிறது. வீட்டிலோ பலர் விண்டோஸ் உபயோகிக்கின்றனர். விண்டோஸில் முழுப்பாதை ‘சி’ அல்லது ‘டி’ என்ற வட்டின் பெயருடன் தொடங்கும். லினக்ஸில் அத்தகைய பெயரே கிடையாது. இரண்டிலும் லினக்ஸ் இருந்தாலும், பயனர் பெயர் மாறினால் முழுப்பாதை பயனற்றதாகிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்குச் சாதாரணமாக ஒன்றே. லினக்ஸுக்கு அவை வெவ்வேறு. ஆகவே சார்புப்பாதையை எழுதிய பின்னரும் எழுத்தளவு பிழைத்தால் படம் தோன்றாது.

இக்குறையின் கெடுதல் யாதெனில், அது தயாரித்தவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவருடைய கணினியில் அந்த முழுப்பாதை உண்மையிலேயே இருப்பதால், எத்தனை முறை திறந்து பார்த்தாலும் படம் தவறாமல் தோன்றும். தவறு வகுப்பறையில், நாற்பது மாணவர் முன்னிலையில்தான் வெளிப்படும்.

பொதியைக் கட்டும் கருவிகளுக்கும் இதே கேள்வி உண்டு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘டார்’ என்னும் கருவி இடம்பெற்றது. காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதே அதன் நோக்கம். முழுப்பாதையுடன் கட்டிய பொதியைப் பிரித்தால், பழைய பிரதி நேரே மூல இடத்திற்குச் சென்று புதிய கோப்பை அழித்துவிடக் கூடும். ஆதலால் இன்று வழங்கும் குனு டார் முதலிலுள்ள சாய்கோட்டைத் தானாகவே நீக்கி, நீக்கியதாக அறிவிப்பும் தருகிறது. அவ்வறிவிப்பைப் பிழையென்று எண்ணி அஞ்சுவோர் உளர், அது காப்பே.

சார்புப்பாதையும் முற்றிலும் தீங்கற்றதன்று. இரு புள்ளிகள் ஒரு கோப்புறை மேலே செல்வதைக் குறிக்கும். அக்குறியைத் திரும்பத் திரும்ப இட்டு, பிரிக்கும் கோப்புறைக்கு வெளியே கோப்பை இறக்கிவிடலாம். பல நிரல்களில் இருந்த இவ்வோட்டை 2018இல் ‘ஜிப் ஸ்லிப்’ என்ற பெயரால் பகிரங்கமாயிற்று. பைதான் மொழியின் டார் நூலகத்தில் இதனை ஒத்த குறை 2007லேயே பதிவாகியிருந்தது. அத்தகைய பாதைகளை மறுப்பதே இயல்பான வழக்கம் என்றானது 2025இல் வெளிவந்த 3.14 பதிப்பில்தான். பதினெட்டு ஆண்டுகள் என்பது சிறிய தாமதமன்று. அறியாத இடத்திலிருந்து வந்த பொதியைப் பிரிக்குமுன் அதிலுள்ள பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிடுவது நலம்.

பாடத்தை விநியோகிக்குமுன் செய்யத்தக்க சோதனை எளிது. பொதியைக் கட்டிய பின், மூலக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட வேண்டும். பிறகு பொதியை வேறோர் இடத்தில் பிரித்து, ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வேண்டும். மூலக் கோப்புறையைச் சுட்டிய முழுப்பாதை எங்கேனும் ஒளிந்திருந்தால், அங்கே வெறுங் கட்டம் தோன்றும். எழுத்தளவுப் பிழையை இச்சோதனை விண்டோஸில் காட்டாது. அதற்குப் பள்ளிக் கணினி ஒன்றிலேயே, வகுப்புக்கு முந்தைய நாள், ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.