பேருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது?

"மாமா, ஹெரிடேஜ் டூரிசம் கன்சல்டன்ட்னு ஒரு வேலை இருக்காமே, அதுக்கு பி.ஏ. ஹிஸ்டரி போதுமா?" என்று ஜெயங்கொண்டத்தில் இருக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள். இறுதியாண்டு படிக்கிறாள். போனில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் அவளுக்குத் தெரிந்த அரியலூர், பெரம்பலூர் இடங்களையே வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

சுருக்கமா சொன்னா, வந்தவருக்கு வரலாறு சொல்வது வழிகாட்டியின் வேலை. எத்தனை பேர், எப்போது, எந்த வழியாக வரலாம், அவர்களுடைய நேரமும் பணமும் எங்கே போய்ச் சேருகிறது, அந்த இடம் அதைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஆலோசகரின் வேலை. கேள்வி ஒன்றுதான். பதில் இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இராசேந்திர சோழன் கட்டிய இந்தக் கோயிலும் தாராசுரமும் 2004-ல் சேர்ந்தன. ஆனால் நான் பார்த்தவரை, கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. வரும் பேருந்து முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. சாமி கும்பிடுவார்கள், நந்தி முன்னால் ஒரு போட்டோ, அவ்வளவுதான். சாப்பாடும் இரவுத் தங்கலும் கும்பகோணத்தில் அல்லது தஞ்சாவூரில். கோயில் அரியலூர் மாவட்டத்தில், அதனால் வரும் வருமானம் பக்கத்து மாவட்டத்தில்!

ஆகவே இங்கே ஆலோசனை, "இன்னும் கூட்டம் சேருங்கள்" என்பதல்ல, "வந்தவரை அரை நாள் இருக்க வையுங்கள்" என்பது. அதற்குச் சரக்கு இருக்கிறது. கோயிலிலிருந்து சுமார் இரண்டு கி.மீ. தள்ளி மாளிகைமேடு. அகழாய்வில் அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்த இடம். இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் சோழகங்கம் ஏரி இருக்கிறது. கோயில் மதில் இடிந்து நிற்பதற்கும் ஒரு கதை உண்டு. 1836 வாக்கில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோயில், மாளிகைமேடு, ஏரி மூன்றையும் ஒரு சைக்கிள் சுற்றாக இணைத்தால் மதியச் சாப்பாடு உள்ளூரில்தான்.

சரி, கோயில் எதிரிலேயே ஒரு உணவு விடுதி கட்டிவிடலாமா? முடியாது. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தத்தின்படி, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். இதைத் தெரியாமல் எழுதும் திட்ட அறிக்கை பரணுக்குத்தான் போகும்.

அடுத்தது 'தாங்குதிறன்'. எங்கள் தொழிலில் சர்வருக்குப் போடும் அதே கணக்கு. கருவறை முன்னால் 50 பேர் நிற்க இடம், ஒருவருக்கு 15 நிமிடம், கோயில் 8 மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 32 சுற்று, ஒரு நாளைக்கு 1600 பேர். பேப்பரில் அழகாக இருக்கும். ஆனால் எல்லாரும் காலை இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் 8 சுற்று, 400 பேர்தான். சராசரியைப் பார்த்துத் திட்டம் போட்டால் ஆடித் திருவாதிரை அன்று மாட்டிக்கொள்வோம்.

இப்போது பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு வருவோம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த மண். மழை அரித்த ஓடைகளில் அம்மோனைட், பெலம்னைட் புதைபடிவங்கள் கிடைக்கும். வருகிறவர் ஆளுக்கு ஒன்று பாக்கெட்டில் போட்டால் என்ன மிஞ்சும்? எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் ஆய்வாளருக்கு அது வெறும் கல். இத்தகைய இடங்களைப் பாதுகாக்க 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. காவலும் பாதையும் வரும்வரை நல்ல ஆலோசகர் இங்கே "ஆளைக் கூட்டாதீர்கள்" என்றுதான் எழுத வேண்டும். அதே மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம்.

ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மூன்றாவது பதில். 1751-ல் கர்நாடக நவாபு பதவிக்கான சண்டை நடந்த வட்டாரம். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. தினம் எத்தனையோ கார்கள் அதைப் பார்க்காமலே கடக்கின்றன. அங்கே தேவை ஒரு நல்ல பலகை, நிழல், சுத்தமான கழிப்பறை. கோடிகள் வேண்டாம்.

இங்கேதான் இந்தத் தொழிலின் சிக்கல். கட்டணம் திட்டச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசப்பட்டால், பலகை போதும் என்று எழுதுகிறவருக்குக் காசு குறைவு. நுழைவாயில் வளைவு, இசை நீரூற்று என்று எழுதுகிறவருக்கு அதிகம். காரையில் "வேண்டாம்" என்று எழுதினால் ஒன்றுமே இல்லை. வேலைக்குப் போகும்முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆக, அவளுக்கு என் பதில்: வரலாறு வேண்டும், அது மட்டும் போதாது. தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் ஈராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பில் தொல்லியல், கல்வெட்டியலோடு மரபு மேலாண்மையும் உண்டு. கூடவே வரைபட மென்பொருள் ஒன்றும், சட்டமும், எக்செல்லும் பழக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு கோயில் வாசலில் உட்கார். ஒவ்வொரு வண்டியும் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, வந்தவர்கள் எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள் என்று எழுது. நாலு ஞாயிறு முடிந்ததும் அனுப்பு, சேர்ந்து கணக்குப் பார்ப்போம். நாலாவது ஞாயிறும் உனக்குச் சலிக்கவில்லை என்றால், இது உனக்கான வேலைதான்.