பால் கொடுக்கும் ஈ

தான்சானியாவில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்கப் போயிருந்த வாசகர் ஒருவர், தாரங்கிரே தேசியப் பூங்காவில் மரக்கிளைகளில் நீலமும் கறுப்புமாகப் பெரிய துணிகள் தொங்குவதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். “இங்கேயும் திருஷ்டிக்குத் துணி கட்டுவார்களா?” என்பது அவர் கேள்வி. திருஷ்டிக்கு அல்ல, செட்சி ஈக்குக் கட்டியவை. நீலத்தைப் பார்த்து ஈ வரும், கறுப்பில் உட்காரும், துணியில் ஏற்றியிருக்கும் பூச்சிமருந்து காலில் பட்டுச் சாகும். அந்தப் பக்கம் போகிறவர்களிடம் நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதும் இதனால்தான்.

செட்சி ஈ தூக்க நோயைப் பரப்பும், மாட்டுக்கு ‘நகானா’ என்ற நோயைக் கொடுக்கும், சகாராவுக்குத் தெற்கே மட்டும்தான் வாழும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. என்னைப் பல வருடங்களாகப் பிடித்து வைத்திருப்பது அதன் பிரசவம். இந்த ஈ முட்டையிடுவதில்லை. குட்டி போடுகிறது, அதுவும் ஒன்றே ஒன்று.

ஒரு முட்டை தாயின் கருப்பைக்குள்ளேயே பொரிகிறது. வெளிவந்த புழு அங்கேயே கிடந்து பால் குடிக்கிறது. பால் என்று உவமைக்குச் சொல்லவில்லை. புரதமும் கொழுப்பும் நிறைந்த வெண்ணிறத் திரவம் அது. அதைச் சுரக்கவென்றே தாயின் வயிறு முழுக்கக் கிளைபரப்பிய சுரப்பி இருக்கிறது. செட்சி ஈ ஆணானாலும் பெண்ணானாலும் இரத்தத்தைத் தவிர வேறு எதையும் தொடாது. இரத்தத்தில் பி வகை வைட்டமின்கள் போதாது. அந்தக் குறையைத் தீர்க்க ‘விகிள்ஸ்வொர்த்தியா’ என்ற பாக்டீரியா ஈயின் குடலில் குடியிருக்கிறது. பிள்ளைக்கு அது போய்ச் சேருவதும் பால் வழியாகத்தான்.

ஒன்பது, பத்து நாளில் பிரசவம். நிழலில் பொலபொலவென்ற மண்ணாகப் பார்த்து உட்கார்ந்து தாய் புழுவை வெளியே தள்ளுகிறது. வெளுத்த உடம்பு, பின்முனையில் இரண்டு கறுத்த குமிழ்கள். எடையில் அது தாய்க்குச் சமம். எங்கள் வீட்டுச் செவலைப் பசு கன்று போட்டபோது கன்று இருபது கிலோ தேறும் என்று பாட்டி பெருமையாகச் சொன்னாள். அந்தப் பசு செட்சி ஈயாக இருந்திருந்தால் கன்று முந்நூறு கிலோ இருந்திருக்கும்! பிறந்த புழு எதையும் தின்பதில்லை. சில நிமிடங்களில் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாக இறுகி, சுமார் ஒரு மாதம் கழித்து ஈயாக வெளியே வருகிறது.

இப்படி ஒவ்வொன்றாகப் பெற்றால் இரண்டு மூன்று மாத ஆயுளில் ஒரு தாய்க்கு எட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு மேல் தேறாது. கொசு ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். எனவே கொசுவிடம் பலிக்காத கணக்கு இந்த ஈயிடம் பலிக்கும். இயல்பாகச் சாகிறவை போக, பெண் ஈக்களில் நாள்தோறும் நூற்றுக்கு நாலைந்தை விடாமல் கொன்றுவந்தால் போதும், அந்த இடத்தில் வம்சம் அற்றுவிடும். வேகம் தேவையில்லை, விடாப்பிடி தேவை.

இந்தக் கணக்கு பிடிபடுவதற்குள் மனிதர்கள் செய்தவை கொஞ்சநஞ்சமல்ல. ஈக்கு இரை கிடைக்கக் கூடாதென்று தெற்கு ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், காட்டு விலங்குகளை லட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். பிரின்சிபே தீவின் கோகோ தோட்டங்களில் போர்த்துகீசியர்கள் பசை தடவிய கறுப்புத் துணியைக் கூலியாட்களின் முதுகில் கட்டி வேலைக்கு அனுப்பினார்கள். மனிதனே நடமாடும் பொறி! 1914 வாக்கில் அந்தத் தீவில் ஈ ஒழிந்தது உண்மை. யார் முதுகில் ஒழிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜான்சிபாரின் உங்குஜா தீவில் செய்தது நாசூக்கான வேலை. பெண் ஈ பெரும்பாலும் ஒரே முறைதான் இணைசேரும். ஆண் ஈக்களை வளர்த்து, காமா கதிரால் மலடாக்கி, விமானத்திலிருந்து லட்சக்கணக்கில் தூவினார்கள். 1996க்குப் பிறகு அங்கே காட்டு ஈ அகப்படவில்லை. சுற்றிலும் கடல் இருந்தது வசதி. பெருநிலத்தில் ஓரிடத்தை ஒழித்தால் பக்கத்துக் காட்டிலிருந்து ஈ திரும்பி வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது, இருப்பதிலேயே எளிய கருவிதான். ஆற்றோரத்து ஈக்களுக்குத் தாரங்கிரேயில் தொங்குவதுபோல் பெரிய துணி வேண்டியதில்லை. கால் மீட்டருக்கு அரை மீட்டர் போதும். பாதி நீலத் துணி, பாதி மருந்தேற்றிய வலை. ஒரு குச்சியில் கட்டிக் கரையில் நட்டுவிடலாம். கினி நாட்டின் போஃபா பகுதியில் அலையாத்திக் காடுகளின் ஓரமாக 2012 முதல் இவற்றை ஒரு பக்கம் நட்டார்கள். மறுபக்கம் நோயாளிகளைத் தேடிச் சிகிச்சை தருவது மட்டும் நடந்தது. பிறகு எபோலா வந்தது, பரிசோதனைக் குழுக்கள் வீட்டுக்குப் போயின. திரும்பி வந்து பார்த்தபோது, துணி இல்லாத பக்கத்தில் தூக்க நோய் மீண்டும் தலைதூக்கியிருந்தது. துணி நட்ட பக்கத்தில் அடங்கியே இருந்தது. மருத்துவர் இல்லாத நாளிலும் குச்சியும் துணியும் வேலை பார்த்திருக்கின்றன.

எபோலாவுக்காக நிறுத்தியதையாவது மன்னிக்கலாம். 1960களில் தூக்க நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது. இனி எதற்குச் செலவு என்று தேடுவதை நிறுத்தினார்கள். போர்களும் சேர்ந்துகொண்டன. 1998இல் பதிவான நோயாளிகள் மட்டும் கிட்டத்தட்ட 40,000 பேர். அப்போது கையிலிருந்த முக்கியமான மருந்து ஆர்சனிக் கலந்தது. ஊசி போட்ட நூறு பேரில் சுமார் ஐந்து பேரை அந்த மருந்தே கொன்றது. அதைவிட நல்ல எஃப்ளோர்னிதினை, வாங்குகிறவர்கள் ஏழைகள் என்பதால், தயாரிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். பெண்களின் முகத்தில் முடி வளர்வதைத் தடுக்கும் களிம்புக்கு அதே மருந்து உதவும் என்று தெரிந்ததும் மறுபடி தயாரிப்பு தொடங்கியது. பிறகே, மருத்துவத் தொண்டர்கள் போராடியதில், 2001இல் ஆப்பிரிக்காவுக்கு இலவசமாகக் கிடைத்தது. வைத்தியம் இல்லாமல் செத்தவர்கள் இல்லாத வைத்தியத்தால் சாகவில்லை, இல்லாத பணத்தால் செத்தார்கள்.

இன்று வாயால் விழுங்கும் மாத்திரையே வந்துவிட்டது. 2018 முதல் நோயாளிகள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே. ஆபத்தான கட்டமே இதுதான் என்பேன். சில நூறு பேருக்காக இத்தனை குழுக்களா, இத்தனை படகுகளா என்று கணக்குப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் நேரம். வெயிலிலும் மழையிலும் துணி நைந்துபோகும், மருந்து வலுவிழக்கும். வருடந்தோறும் புதிதாக நட வேண்டும். புதுக் கண்டுபிடிப்புக்கு நன்கொடை கிடைப்பதுபோல், நைந்த துணியை மாற்றுவதற்கும் கிடைக்குமானால் இந்த நோய் ஒழியும்.