காலியான ஊர்கள் – 9
பக்கத்தில் ஆறு, பாய்ச்ச நீரில்லை

சென்ற வாரம் பார்த்த கிரீலி நகரத்தார் 1870-ல் வந்தார்கள்; வந்த கையோடு கால்வாய் வெட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், அதே கொலராடோ புல்வெளியில், 40 ஆண்டு கழித்து ஓர் ஊர் எழுந்தது. பெயர் டியர்ஃபீல்ட். கறுப்பின மக்கள் யாருக்கும் கைகட்டி நிற்காமல் சொந்த மண்ணில் பிழைக்க உண்டாக்கிக்கொண்ட ஊர். இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் சிதைந்த சில கட்டடங்களே மிச்சம்.

ஊரை உண்டாக்கியவர் ஆலிவர் டூசான் ஜாக்சன். 1862-ல் ஒஹாயோவில் பிறந்தவர். கொலராடோவுக்கு வந்து விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்தார். பிறகு மாநில ஆளுநர் அலுவலகத்தில் மெசஞ்சர். நம் பக்கத்து டபேதார் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் சுயசரிதைதான் அவருக்கு இப்படி ஓர் ஊர் அமைக்கும் எண்ணத்தைக் கொடுத்தது. 1909-ல் வந்த சட்டப்படி வறண்ட பகுதிகளில் ஒருவர் 320 ஏக்கர் வரை கேட்க முடிந்தது. அங்கேயே குடியிருந்து பயிர் செய்தவருக்குப் பட்டா கிடைத்தது. ஜாக்சன் 1910-ல் மனுப் போட்டார்.

முதல் குளிர்காலத்தில் அங்கே இருந்தவை ஏழு குடும்பங்கள். மரவீடு இரண்டு குடும்பங்களுக்குத்தான். மற்றவர்கள் கூடாரத்திலும், தரையைத் தோண்டிய குழிவீட்டிலும், மேட்டுச் சரிவில் குடைந்த பொந்திலும் கிடந்தார்கள். அடுப்பெரிக்கக் காய்ந்த சாணமும் புதர்ச்செடியும். இருந்த ஆறு குதிரைகளில் மூன்று பட்டினியில் செத்தன. எஞ்சிய மூன்றுக்கு வெறும் வண்டியை இழுக்கவும் தெம்பில்லை. ஜாக்சனே பின்னாளில் சொல்லி வைத்த விவரங்கள் இவை.

ஆனாலும் ஊர் தேறியது. ஆண்கள் பக்கத்துப் பண்ணைகளில் கூலிக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். அந்தக் காசு நிலத்துக்குள் போனது. மக்காச்சோளம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு, பூசணி, தர்பூசணி எல்லாம் விளைந்தன. முதல் உலகப்போர் தானிய விலையை ஏற்றிவிட, பள்ளிக்கூடம், தேவாலயம், உணவகம், கொல்லன் பட்டறை, நடனக் கூடம் என்று ஊருக்குக் களை வந்தது. வார இறுதியில் டென்வரிலிருந்தே ஆட்கள் ஆட வந்தார்கள்.

எல்லாமே மானாவாரி. சவுத் பிளாட் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் கொலராடோ சட்டத்தில் ஆற்று நீர் கரையில் இருப்பவருக்கு உரியதல்ல. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. கிரீலிக்காரர்கள் 40 ஆண்டு முந்திக்கொண்டவர்கள். 1910-ல் இலவசமாகக் கிடைத்த நிலம், முன்னால் வந்தவர்கள் நீரில்லை என்று தாண்டிப் போன நிலம். டியர்ஃபீல்ட் உழவர்களின் உழைப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தென்படவில்லை. ஊரின் விதியில் பாதி அவர்கள் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் காலத்து வறள்நில வேளாண்மை சொல்லிக்கொடுத்த உத்தி, மழை ஓய்ந்ததும் மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்குவது. ஈரம் உள்ளேயே தங்கும். மழை பெய்யும்வரை நல்ல உத்திதான். போர் முடிந்து விலை சரிந்தது, பிறகு மழையும் ஏமாற்றியது. 1930-களில் பெரும் புழுதிப் புயல்கள் வீசியபோது, சமவெளி எங்கும் அப்படிப் பொடியாக்கி வைத்திருந்த மண்தான் முதலில் பறந்தது. செழித்த நாளில் சில நூறு பேர் இருந்த ஊரில் 1940-ல் பன்னிரண்டு பேர்.

ஜாக்சன் மட்டும் நகரவில்லை. ஊரையே விலைக்கு விடப் பார்த்தார். வாங்க ஆள் வரவில்லை. 1942-ல் மனைவி மினர்வா இறந்தார். ஜாக்சன் 1948 வரை இருந்தார். 1995-ல் டியர்ஃபீல்ட் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. டென்வரில் உள்ள கறுப்பின மக்களின் மேற்குப்பகுதி வரலாற்று அருங்காட்சியகம் அங்கே மனைகளை வாங்கியிருக்கிறது. கிரீலியில் இருக்கும் வடக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தார் அந்த மண்ணைத் தோண்டி ஆராய்கிறார்கள்.

(தொடரும்)