கையில் இருப்பது ஒரே படமா? முதலில் பிரதி எடுங்கள்

வன்னியில் பழைய குடும்பப் படங்கள் முழுசாக இருக்கிற வீடுகள் குறைவு. 2004 மார்கழி 26இல் முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டுபோனது ஒரு பங்கு. 2008, 2009இல் இடத்துக்கிடம் ஓடும்போது பங்கருக்குள்ளும் தெருவோரத்திலும் விட்டு வந்தது பெரும் பங்கு. பயத்தில் தங்கள் கையாலேயே கொளுத்தியவர்களும் புதைத்தவர்களும் உண்டு. அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி, மெனிக்பாம் முகாம்வரை கொண்டுவந்து சேர்த்த இரண்டு மூன்று படங்கள்தான் பலரிடம் மிச்சம்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நின்றது அப்படி மிஞ்சிய படங்களைத்தான். ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளோடு இணைக்கப்பட்டவையும் அவைதான். வெயிலிலும் மழையிலும் அவை நிறம் மங்கி வருகின்றன. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே தாய்மார் பலர் கண்மூடியும் விட்டார்கள். ஆகையால் இந்த வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். இதற்குக் கணினி தேவையில்லை. வீட்டில் பிள்ளைகள் பாவிக்கும் கைத்தொலைபேசியே போதும்.

காலை வேளையில், வெயில் நேரே விழாத விறாந்தையில் ஒரு மேசையை வையுங்கள். அதில் கறுப்பு அல்லது கடும் நிறத் துணியொன்றை விரித்துப் படத்தை வையுங்கள். பிளாஷை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தின் மேல் வெள்ளைப் பொட்டு விழும். தொலைபேசி படத்துக்கு நேர் மேலே, சாயாமல் இருக்கவேண்டும். படத்தின் நாலு மூலையும் தெரியும்படி எடுங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரை, திகதி, யாரோ எழுதிய ஒரு பெயர் அங்கே இருக்கலாம். பிறகொரு நாள் அதுவே சாட்சியாக உதவலாம்.

அல்பத்தின் பொலித்தீனிலோ பிறேமின் கண்ணாடியிலோ ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். உரித்தால் முகம் பொலித்தீனோடு போய்விடும். ஒட்டியபடியே எடுங்கள். வெளிச்சம் தெறித்தால் மேசையைச் சற்றுத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஸ்கேனர் உள்ள ஸ்ரூடியோ கிட்ட இருந்தால் இன்னும் நல்லது. சிறிய பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள். பெருப்பித்தாலும் முகம் உடையாது. ஸ்கேன் முடியும்வரை பக்கத்தில் நின்று, அசலைக் கையோடு வாங்கி வாருங்கள். ஒரே படத்தை லமினேட் பண்ணவும் கொடுக்க வேண்டாம். அந்தச் சூட்டில் படம் பழுதானால் திரும்ப எடுக்க வழியில்லை. பிரதியை லமினேட் பண்ணிப் போராட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அலுவலகமோ, ஊடகமோ, வெளிநாட்டிலிருந்து வந்தவரோ, யார் கேட்டாலும் கொடுப்பது பிரதியாகவே இருக்கட்டும்.

அடுத்தது திருத்தம். திருத்த முன்னர் தொலைபேசிக்குள்ளேயே இன்னொரு பிரதி எடுத்து, அதில் மட்டும் கை வையுங்கள். சரிந்திருந்தால் நிமிர்த்தலாம், மங்கலாக இருந்தால் வெளிச்சம் கூட்டலாம். கலியாண வீட்டுப் படத்திலிருந்து மகனின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாலும் முழுப்படத்தை அழித்துவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவர் இன்னொரு தாய் தேடும் பிள்ளையாக இருக்கலாம்.

பழைய படத்தைப் புதிசாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது ஏராளம். கிழிந்த படம் ஒரு நொடியில் பளபளவென்று வரும்போது கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் கண் இருந்த இடம் அழிந்து போயிருந்தால், அந்தச் செயலி அங்கே தன் கணிப்பில் ஒரு கண்ணை வரைந்துவிடும். நெற்றித் தழும்பைக் கறையென்று நினைத்துத் துடைத்துவிடும். கன்னத்து மச்சம் காணாமற்போகும். ஆளை அடையாளம் காட்டுவது அந்தத் தழும்பும் மச்சமும்தானே! சுவரில் மாட்ட அப்படியொன்று செய்வது உங்கள் விருப்பம். முறைப்பாட்டுக் கோவையில் அதை வைக்கக் கூடாது. ஸ்ரூடியோவில் உடுப்பு மாற்றிப் போட்ட படங்களுக்கும் இதே கதைதான்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். 'டொக்கியுமென்ற்' என்ற வழியால் அனுப்பினால் எடுத்தபடியே போகும். அப்படி அனுப்பி வைப்பது நல்ல காரியம். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்று தொலைபேசியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று வேறு ஊரிலோ நாட்டிலோ என்று மூன்று இடத்தில் இருந்தால் ஓரளவு நிம்மதி. கூகிள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம். 2021 ஜூன் முதல் மின்னஞ்சலோடு படங்களும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்கும். கூகிள் போட்டோஸில் நின்று ஒரு படத்தை அழித்தால் தொலைபேசி, கணக்கு இரண்டிலிருந்தும் அது போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய கலியாண சிடிகளையும் இப்போதே பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அவற்றைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடைகளே அருகி வருகின்றன.

நனைந்த படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு யப்பானில் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார்கள். புஜிபிலிம் நிறுவனமும் அதில் ஈடுபட்டது. ஸ்ரூடியோவில் கழுவி எடுத்த படங்கள் சுத்தமான தண்ணீரைச் சற்றுத் தாங்கும். கணினிப் பிரிண்டரில் எடுத்தவற்றின் மை கரைந்துவிடும். எதுவானாலும் தண்ணீரில் போட முன்னர் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பெயர். தொலைபேசி தானாக இடும் இலக்கங்களால் பத்து வருடம் கழித்து ஒருவருக்கும் பயனில்லை. '2006 கிளிநொச்சி அக்கா கலியாணம் 01' என்று ஆண்டை முன்னுக்குப் போட்டுப் பெயர் வைத்தால், படங்கள் தானாகவே வரிசையில் நிற்கும். பின்வரிசையில் நிற்கும் மாமா யார், மடியில் இருக்கும் குழந்தை யார் என்பது அம்மம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்றால், ஒரு பின்னேரம் அவரோடு இருந்து ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லத் தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். அந்த ஒலிப்பதிவுக்கும் படத்துக்கு வைத்த அதே பெயரையே வையுங்கள்.