தலாக், குலா, நீதிமன்றத் தீர்ப்பு: மணவிலக்கு எப்போது முழுமையாகிறது?

"ஜமாஅத்தில் எழுதி வாங்கியாச்சு, எல்லாம் முடிந்துவிட்டது" என்று சொல்லும் பெற்றோர்களை நம் மஹல்லாக்களில் அடிக்கடி பார்க்கிறோம். சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான், முதல் கணவன் "நான் சம்மதிக்கவே இல்லை" என்று வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புகிறான். பெண் கையில் இருப்பது ஜமாஅத்தின் லெட்டர்பேடில் எழுதிய ஒரு தாள் மட்டுமே. சட்டப்படி அவள் இன்னும் அவனுடைய மனைவியாகவே கருதப்படக்கூடும்.

மணவிலக்கில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று ஷரீஅத் கணக்கு, மற்றொன்று நாட்டின் சட்டக் கணக்கு. இரண்டும் முடிந்தால்தான் மணவிலக்கு முழுமையாகும். தமிழ்நாட்டில் இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் படி: இரண்டு நடுவர்கள்

கணவன் மனைவிக்கிடையே பிளவு ஏற்படும் என்று அஞ்சினால், இரு குடும்பத்திலிருந்தும் தலா ஒரு நடுவரை நியமிக்கும்படி குர்ஆன் (4:35) வழிகாட்டுகிறது. இது வெறும் உபதேசம் அல்ல. 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்சநீதிமன்றமும் இதையே சட்டமாகச் சொன்னது: தலாக்கிற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதற்கு முன் இரு தரப்பு நடுவர்கள் மூலம் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும். எனவே சமரசப் பேச்சு நடந்த தேதி, கலந்துகொண்டவர்கள், பேசிய விவரம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் இது முக்கியமான ஆதாரமாகும்.

கணவன் தலாக் சொன்னால்

ஒரே மூச்சில் மூன்று முறை சொல்வது 2017 ஆகஸ்ட் 22இல் உச்சநீதிமன்றத்தால் செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே நிலைதான்.

முறையான வழி, மனைவி தூய்மையாக இருக்கும் காலத்தில், தாம்பத்திய உறவு கொள்ளாத நிலையில், ஒரே ஒரு தலாக் சொல்லி இத்தா முடியும்வரை காத்திருப்பது. அந்தக் காலத்தில் கணவன் மனைவியை மீட்டுக்கொள்ளலாம். அவளை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது (65:1). இத்தா முடிந்தால் திருமண உறவு முறிகிறது.

இப்படி முறையாகச் சொன்ன தலாக்கையும் மனைவி மறுத்தால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கணவனுடையது. அவன் நீதிமன்றத்துக்குச் சென்று மணவிலக்கு நடந்துவிட்டதாக அறிவிக்கக் கோர வேண்டும். காஜி தரும் தலாக் சான்றிதழ் அவருடைய கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட வலிமை இல்லை என்று 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் எதையும் தரவில்லை.

மனைவி பிரிய விரும்பினால்

மஹரைத் திருப்பிக் கொடுத்துப் பிரியும் குலா உரிமை பெண்ணுக்கு உண்டு (2:229). ஆனால் ஜமாஅத்தோ ஷரீஅத் கவுன்சிலோ தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண் குடும்பநல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளாவில் 2021இல் வேறு விதமான தீர்ப்பு வந்துள்ளது. அதைக் காட்டி நம் ஊரில் யாராவது "சான்றிதழ் போதும்" என்றால் நம்பாதீர்கள்.

இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாரஅத்துக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தை எழுதிக்கொண்ட பின், குடும்பநல நீதிமன்றத்தில் மனு செய்து மணவிலக்கு நடந்ததை அறிவிக்கச் செய்துகொள்வதே பாதுகாப்பு.

கணவன் எதற்கும் இணங்காவிட்டால் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணங்கள் ரத்துச் சட்டம் இருக்கிறது. கணவன் நான்கு ஆண்டுகள் காணாமல் போனது, இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காதது, ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றது, நியாயமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாதது, கொடுமை செய்தது போன்ற காரணங்களுக்காகப் பெண் வழக்குத் தொடரலாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

மனு தாக்கல் செய்ததும் எதிர்த்தரப்புக்குச் சம்மன் போகும். பிறகு சமரசப் பேச்சு நடக்கும். 1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி இது நீதிமன்றத்தின் கடமை. சமரசம் ஆகாவிட்டால் பதில் மனு, சாட்சி விசாரணை, தீர்ப்பு என்று நகரும். இருவரும் ஒத்துப்போனால் சில மாதங்களில் முடியலாம். எதிர்ப்பு இருந்தால் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. தீர்ப்பை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருக்கிறது. காணாமல் போன கணவன் விஷயத்தில் தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

"ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்" என்று பலர் சொல்வது இந்துத் திருமணச் சட்டத்திலும் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் உள்ள பரஸ்பர மணவிலக்கு விதி. நிகாஹ் மட்டும் செய்தவர்களுக்கு அது பொருந்தாது. ஆனால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு அந்தச் சட்டமே வழி.

இத்தா எப்போது தொடங்கும்?

"இரண்டு வருடமாகத் தாய் வீட்டில்தானே இருக்கிறாள், இத்தா எப்போதோ முடிந்திருக்கும்" என்பது பரவலான தவறு. பிரிந்து வாழ்ந்த காலம் இத்தா ஆகாது. மணவிலக்கு நடந்த நாளிலிருந்துதான் இத்தா தொடங்கும். மாதவிடாய் வருபவருக்கு மூன்று முறை (2:228), வராதவருக்கு மூன்று மாதம், கர்ப்பிணிக்குக் குழந்தை பிறக்கும்வரை (65:4). தாம்பத்திய உறவுக்கு முன்பே பிரிந்தவருக்கு இத்தா இல்லை (33:49).

நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தாலும், ஷரீஅத் அடிப்படையில் தனியாக ஒரு ஃபஸ்கு அல்லது கணவனின் தலாக் வேண்டும் என்று கருதும் ஆலிம்கள் இருக்கிறார்கள். எனவே தீர்ப்பின் நகலோடு உங்கள் ஊர் ஆலிமைச் சந்தித்து, இத்தாவின் தொடக்க நாளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மறுமணம் அதற்குப் பிறகுதான்.

மஹரும் ஜீவனாம்சமும்

கொடுக்காத மஹர் கணவன் மீதுள்ள கடன். 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பு வாங்குவதால் மஹர் உரிமை போய்விடாது. குலாவில் மட்டுமே ஒப்பந்தப்படி அதை விட்டுக்கொடுக்கிறாள். விலக்கப்பட்ட மனைவியின் எதிர்காலத்துக்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவன் இத்தா காலத்துக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழும் முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உறுதி செய்தது. மணவிலக்கு வழக்கு முடியும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு

சமரசம் செய்துவைப்பது ஜமாஅத்தின் சிறப்பான பணி, அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிரிவு என்று முடிவானால், "இந்தத் தாள் நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது" என்ற ஒரு வரியை அதிலேயே எழுதிக் கொடுங்கள். இரு தரப்பையும் குடும்பநல நீதிமன்றத்துக்கு அனுப்பி வையுங்கள். மறுமணத்துக்கு வருபவர்களிடம் நீதிமன்ற ஆவணத்தையும் கேட்டுப் பார்த்த பிறகே நிகாஹ் தஃப்தரைத் திறங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு பெண்ணின் இரண்டாவது வாழ்க்கையைப் பாதுகாக்கும்.

சேர்ந்து வாழ்வதையும் பிரிவதையும் நல்ல முறையில் செய்யும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.