டிராக்டர் கிளட்ச் பழுது: வீட்டிலா, பட்டறையிலா?

திண்டிவனம் வட்டாரத்தில் ஆடி மழையில் நிலம் பதப்பட்டால், மானாவாரி நிலக்கடலை விதைக்க அந்த ஈரம் சில நாட்களே நிற்கும். விழுப்புரம் பக்கத்தில் சம்பா நடவுக்குச் சேறு கலக்கும் நாட்களும், ஆலைக்குக் கரும்பு ஏற்றும் நாட்களும் அப்படியே. அந்த நேரம் பார்த்து டிராக்டரின் கிளட்ச் பழுதானால், கூலியை மிச்சப்படுத்தத் தாமே கழற்றிப் பார்க்கலாம் என்று பல விவசாயிகள் நினைப்பது இயல்பு. எந்த வேலையை வீட்டில் செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும் என்ற வரம்பு தெரிந்தால் பணமும் மிஞ்சும், பருவமும் தவறாது.

முதலில் பெடலைப் பாருங்கள்

என்ஜின் வேகம் கூடியும் வண்டி இழுக்காமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் சிலிப் ஆகிறது என்று பொருள். பெடலை முழுதும் மிதித்தும் கியர் கரகரவென்று விழ மறுத்தால், கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் காரணம் பெடலின் தளர்வு அளவாக இருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் அழுத்த வேண்டும். எதிர்ப்பு தெரியும் வரை அது இலகுவாக நகரும் தூரமே தளர்வு. பல டிராக்டர்களில் இது ஏறக்குறைய 20 முதல் 40 மி.மீ. வரை இருக்கும், வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. தளர்வு இல்லாவிட்டால் கிளட்ச் சிலிப் ஆகும், மிகுந்தால் பிரியாது. இணைப்புக் கம்பியின் நட்டைத் திருப்பி இதைச் சரிசெய்ய இரண்டு ஸ்பேனர்கள் போதும். இதைப் பார்க்காமலே கிளட்ச் பிளேட்டுக்குச் செலவழிப்பது வீண்.

வீட்டில் செய்யத்தக்கவை

கியர் ஆயிலின் அளவைச் சமதரையில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும். வடிகால் மூடியில் மெல்லிய பசை போன்ற இரும்புத் துகள் ஒட்டியிருப்பது தேய்மானத்தால் வருவது. சில்லுகளாக உலோகம் வந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சேற்று உழவுக்கு முன் அதை அடைக்க வேண்டும். உழவு முடிந்ததும் திறந்துவிட வேண்டும். திறந்தே விட்டால் சேறு புகும். மூடியே விட்டால் கசியும் ஆயில் வெளியேறாமல் பிளேட்டை நனைக்கும்.

பவர் டில்லரின் வி-பெல்ட்டை மாற்றுவதும் வீட்டு வேலையே. ஒரு பெல்ட் அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் புதியதே முழுச் சுமையையும் தாங்கி விரைவில் அறும். என்ஜினை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். மூடியைத் திரும்பப் பொருத்த மறக்கக் கூடாது.

பட்டறைக்கு உரியவை

கிளட்ச் பிளேட்டை மாற்ற, பெரும்பாலான டிராக்டர்களை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். 40 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். முன் அச்சு நடுவில் ஊசலாடுவதால், பிரித்தவுடன் என்ஜின் பாகம் பக்கவாட்டில் சாயும். பட்டறையில் அச்சின் இருபுறமும் மரக்கட்டை ஆப்பு வைத்து, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திய பிறகே பிரிப்பார்கள். மண்தரையில் ஒற்றை ஜாக்கியை நம்பி இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து.

பிளேட்டை நடுமையத்தில் பொருத்தவும், கிளட்ச் விரல்களை ஒரே உயரத்தில் வைக்கவும் தனிக் கருவிகள் வேண்டும். கியர் பாக்ஸ் பேரிங் மாற்ற அழுத்து இயந்திரம் வேண்டும். இவை இல்லாமல் சுத்தியலால் தட்டி ஏற்றிய பேரிங் நெடுநாள் உழைக்காது.

கூலி ஒருமுறை, வேலை முழுமை

கிளட்ச் வேலையில் பெருங்கூலி, வண்டியைப் பிரித்துச் சேர்ப்பதற்கே. அது 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டை மட்டும் மாற்றி, தேய்ந்த ரிலீஸ் பேரிங்கை விட்டுவிட்டால், அது பழுதாகும்போது மீண்டும் 4,000 ரூபாய். ஆகவே பிரித்த வேளையில் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஆயில் சீல் நான்கையும் சோதித்து, தேய்ந்ததை அப்போதே மாற்றிவிட வேண்டும். பிளேட்டில் ஆயில் படிந்திருந்தால் கசியும் சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது பயனற்றது. ஃபிளைவீலில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் சமன் செய்ய வேண்டும்.

வண்டியின் மாடல், சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிப் பாகங்களை ரசீதுடன் வாங்க வேண்டும். புதுப் பிளேட்டின் பற்கள், விட்டம் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி எழுதி வாங்குவதும், பிரிக்கும்போது உடனிருப்பதும், பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவதும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு.

தேய்மானம் குறைய

ஓட்டும்போது பெடல் மேல் காலை வைத்தே இருப்பதும், கரும்பு டிரெய்லரை மேட்டில் அரைக் கிளட்ச்சில் நிறுத்திவைப்பதும் பிளேட்டையும் பேரிங்கையும் விரைவில் தின்றுவிடும். சிலிப் ஆகும் அறிகுறி தெரிந்தால், வயலில் வேலை குறைந்த சித்திரை, வைகாசியிலேயே பட்டறைக்கு விடுவது நல்லது. பருவத்தின் நடுவில் பழுதானாலும் விதைப்பை நிறுத்த வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியே வாடகைக்குப் பதிவு செய்யலாம். பட்டறை வேலை அவசரமின்றி ஒழுங்காக முடியும். நிலத்தின் ஈரமும் வீணாகாது.